பட்டப்பகலில் ஒரு மிருகம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் எழுதியதை நம்பி 'தி ஹோஸ்ட்' கொரியப் படத்தைப் பார்த்தேன். ஏமாற்றம்தான். கால் மணி நேரத்துக்குள் மிருகத்தை முழுசாகக் காட்டிவிடுகிறார்கள். அப்புறம் என்ன பயம் வரும்? இரங்கல் கூட்டத்தில் குடும்பமே தரையில் விழுந்து உருள்கிறது, சிரிப்புதான் வருகிறது. இவ்வளவு தேடியும் கடைசியில் அந்தச் சிறுமியைக் காப்பாற்றவில்லை. இதில் என்ன கண்டீர்கள்?

க.

அன்புள்ள க.,

சீக்கிரம் காட்டியதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சியோலில் ஓடும் ஹான் நதிப் பாலத்துக்கு அடியில் ஏதோ தொங்குகிறது. ஜனங்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், பீர் கேனை வீசிப் பார்க்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அது கரையேறி ஓடி வருகிறது. கரையில் பெட்டிக்கடை வைத்திருக்கும் காங்-டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். திரும்பிப் பார்த்தால், அது வேறொரு சிறுமியின் கை. மகளை மிருகம் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. இருட்டில் பதுங்கும் எந்த மிருகமும் என்னை அப்படிப் பதறவைத்ததில்லை. சியோல்காரர்கள் சாயங்காலம் காற்று வாங்கப் போகும் கரை அது. 2006ல் தென் கொரியாவில் ஒரு கோடியே 30 லட்சம் டிக்கெட்டுக்கு மேல் விற்றதில் ஆச்சரியமில்லை.

இயக்குநர் போங் ஜூன்-ஹோவின் கோபம் மிருகத்தின் மேல் இல்லை. 2000ல் சியோலில் இருந்த அமெரிக்க ராணுவத் தளத்தின் பிணவறையில், பிணம் கெடாமல் வைக்கும் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனத்தைச் சாக்கடையில் ஊற்றச் சொல்லி உத்தரவிட்டார்கள். நடந்த விஷயம். படம் அங்கிருந்துதான் தொடங்குகிறது, நதியில் கலந்த அந்த விஷத்தில்தான் மிருகம் உருவாகிறது. பிறகு இல்லாத வைரஸைச் சொல்லி ஊரையே அடைக்கிறார்கள். மகள் உயிரோடு போனில் பேசினாள் என்று அப்பன் கதறுகிறான், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. எனக்குப் பயம் வந்தது அங்கேதான்.

இரங்கல் காட்சியில் நானும் சிரித்தேன். ஆனால் அவர்கள் உருண்டு அழும்போது சுற்றி நின்று போட்டோ எடுக்கிறார்களே, அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

சரி, குறைகள். நடுப்பகுதி தொய்கிறது. காங்-டுவின் தலையில் துளை போடும் ஆஸ்பத்திரிக் காட்சிகளில் அந்த அமெரிக்க மருத்துவர் வெறும் கேலிச்சித்திரம். நிஜமான கோபத்துக்கு அவ்வளவு மெலிந்த ஆள் போதாது. வில்வீராங்கனைத் தங்கையை ஆரம்பத்தில் அத்தனை அழகாக அறிமுகம் செய்துவிட்டு, வெகுநேரம் ஓரமாக விட்டுவிட்டார்கள். கடைசியில் மிருகத்தின் மேல் எரியும் தீ ஒட்டவைத்ததுபோல் இருக்கிறது. முதல் காட்சியில் அவ்வளவு கனத்தோடு ஓடிய உடம்பு, அங்கே எடையை இழந்துவிடுகிறது.

சிறுமி விஷயத்தில் மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். தேடி அலைந்த இரவில், குடும்பம் தங்கள் பெட்டிக்கடைக்குள் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிடும் காட்சி நினைவிருக்கிறதா? நடுவில் அவள் எழுந்து வருகிறாள். யாரும் அதிர்ச்சியடைவதில்லை, ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆளுக்கொரு வாய் ஊட்டுகிறார்கள், அவ்வளவுதான். அவள் அங்கே இல்லை என்று நமக்குத் தெரியும். படம் முழுக்க அந்தக் குடும்பத்தின் தவிப்பே, பிள்ளை பசியோடு இருக்கிறாளே என்பதுதான்.

மிருகத்தின் வாயிலிருந்து காங்-டு மகளை இழுத்தெடுக்கும்போது, அவள் கைக்குள் ஓர் அனாதைச் சிறுவன் இருக்கிறான். அவள் உயிரோடு இல்லை, அவன் பிழைக்கிறான். அவள் காப்பாற்றப்படவில்லை, காப்பாற்றியவள் அவள். பனிக்காலத்தில் அதே பெட்டிக்கடையில் காங்-டு அவனை எழுப்பிச் சோறு போடுகிறான். டிவியில் அதிகாரிகள் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதைக் காலால் அணைத்துவிட்டு இருவரும் சாப்பிடுகிறார்கள்.