லவ் பேர்ட்ஸுக்கு வீட்டிலேயே என்ன உணவு செய்து கொடுக்கலாம்?

கேள்வி கேட்டவர் நான்கு லவ் பேர்ட்ஸும் ஒரு காக்டீலும் (தலையில் கொண்டை உள்ள, கொஞ்சம் பெரிய கிளி வகை) வளர்க்கிறார். தினை மட்டும் போதும் என்று கடையில் சொன்னார்களாம், அது சரியா, வீட்டில் சத்தாக என்ன செய்து தரலாம் என்று கேட்டிருக்கிறார். தினை மட்டும் போதாது. இதை நான் ஒரு பறவையைப் பறிகொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பெரம்பூரில் எங்கள் வீட்டுப் பால்கனியில் ஒன்பது வருடமாக லவ் பேர்ட்ஸ் இருக்கின்றன. முதல் ஜோடியை வாங்கிய இடத்தில், "தினையும் தண்ணியும் வைங்கம்மா, வேற ஒண்ணும் வேணாம்" என்றார்கள். ஒன்றரை வருடம் அப்படியே வைத்தேன். மூன்றாவது தடவை முட்டையிடும் சமயத்தில் ஒரு நாள் விடிகாலை நீலப் பெட்டை கூண்டின் அடியில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டது. ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் என் உள்ளங்கையிலேயே உயிர் போய்விட்டது. "என்ன சாப்பாடு குடுத்தீங்க?" என்று மட்டும் அவர் கேட்டார். உடம்பில் கால்சியம் இல்லாவிட்டால் முட்டையைத் தள்ளும் தசைக்கு வலு இருக்காது, முட்டை ஓடும் சரியாக இறுகாது என்று பொறுமையாக விளக்கினார்.

தினை கெட்டதில்லை. நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்வது ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர் பறவையை. அங்கே அதன் முக்கிய உணவே புல் விதைதான். ஆனால் அது நாள் முழுக்கப் பறந்து, பல வகைப் புல்லில் பச்சையும் பழுப்புமாகத் தேடித் தின்கிறது. நம் கூண்டில் இரண்டடிக்கு மேல் பறக்க இடமில்லை. அதே காய்ந்த விதை கொழுப்பாகச் சேர்ந்து கல்லீரலைக் கெடுக்கிறது. வைட்டமின் ஏயும் கால்சியமும் அதில் மிகக் குறைவு. வைட்டமின் ஏ குறைந்தால் மூக்கு, தொண்டைச் சவ்வு பலவீனமாகி அடிக்கடி சளி பிடிக்கும். சூரியகாந்தி விதை இன்னும் மோசம், பருப்பில் பாதி எண்ணெய். காக்டீலுக்கு ஒரு நாளைக்கு நாலைந்து விதை போதும்.

இதற்காகப் பெரும்பாலும் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. உங்கள் சமையலறையில் உப்பு போடுவதற்கு முன்னால், தாளிப்பதற்கு முன்னால், ஒரு பிடி தனியாக எடுத்து வையுங்கள். அதுதான் பறவைக்கான உணவு.

நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வாரத்துக்குச் செய்து வைக்கிறேன். ஒரு பிடி பச்சைப்பயறு, ஒரு பிடி குதிரைவாலி அல்லது வரகு, இரண்டையும் தனித்தனியாகக் குழையாமல் வேகவைப்பேன். ஒரு கேரட்டைத் துருவிக்கொள்வேன். பரங்கிக்காய் ஒரு துண்டு, லேசாக ஆவியில் வைத்தது. மக்காச்சோள முத்து கொஞ்சம், கோவைக்காய் மூன்று, முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் தினை அளவுக்கு இல்லாவிட்டாலும் உளுந்து அளவுக்காவது பொடியாக நறுக்க வேண்டும். பெரிய துண்டாகப் போட்டால் பிடித்ததைப் பொறுக்கிவிட்டு மற்றதை வீசிவிடும். நறுக்கியதைப் பருத்தித் துணியில் பரப்பி அரைமணி நேரம் ஈரம் போக விடுவேன். சொதசொதவென்று இருந்தால் பறவை கிட்டவே வராது, சீக்கிரம் புளித்தும் போகும். பிறகு ஐஸ் டிரேயில் அடைத்து ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். தினம் ஒரு கட்டியைக் கிண்ணத்தில் போட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து இளக்கிக் கொடுத்தால் நான்கு பறவைக்குப் போதும்.

கோவைக்காயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிளி மூக்குக்கு நம்மவர்கள் கோவைப்பழத்தைத்தான் உவமை சொல்வார்கள். காய்கறிக் கூடையில் தப்பித்தவறி உள்ளே சிவந்துபோன கோவைக்காய் ஒன்றிரண்டு இருக்கும். பொரியலுக்கு ஆகாது என்று ஒதுக்குகிற அதை இரண்டாகப் பிளந்து கொடுத்துப் பாருங்கள், என் காக்டீல் அதை விதை விதையாக எடுக்கும். பச்சை மிளகாயும் தரலாம், பயப்படாதீர்கள். காரத்தை உணரும் அமைப்பு பறவைகளுக்கு நம்மைப் போல வேலை செய்யாது, அதனால் எரியாது.

கீரைகளில் முருங்கைக்கு நிகராக எதையும் நான் சொல்ல மாட்டேன். கால்சியம், வைட்டமின் ஏ இரண்டும் உண்டு, தெருவுக்கு ஒரு மரமும் உண்டு. எங்கள் அத்தை ஆய்ந்து முடித்ததும் ஒரு கொத்தை மட்டும் காம்போடு எனக்கென்று எடுத்து வைத்துவிடுவார். அதைக் கழுவி, ஈரத்தோடு துணிக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டால் முதலில் இலையின் ஈரத்தில் புரண்டு குளிக்கும், குளித்துக்கொண்டே கடிக்கும், அப்புறம் ருசி கண்டுவிடும். கொத்தமல்லியும் நல்லது. பாலக், பசலை போன்றவை வாரம் ஒரு தடவை போதும், அவற்றிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைச் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். மார்க்கெட் கீரையில் மருந்து அடித்திருப்பார்கள் என்பதால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசாமல் எதையும் வைக்காதீர்கள்.

முளைகட்டிய கம்பு, பச்சைப்பயறு அருமையான உணவு. ஆனால் சென்னைப் புழுக்கத்தில் கவனமாகச் செய்ய வேண்டும். எட்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, அதற்குப் பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அலச வேண்டும். வெள்ளை முனை எட்டிப் பார்த்ததுமே கொடுத்துவிடுங்கள். லேசாக வாடை வந்தால், கையில் வழுவழுப்பு தட்டினால், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ஈரமான எந்த உணவும் கூண்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அக்னி நட்சத்திர நாட்களில் நான் காலை ஆறரைக்கு வைத்து எட்டு மணிக்கு எடுத்துவிடுகிறேன்.

வேகவைத்த முட்டையை ஓட்டோடு சேர்த்து மசித்து, குஞ்சு வளர்க்கும் ஜோடிக்கும் இறகு உதிர்க்கும் பறவைக்கும் வாரம் இரண்டு தடவை கொடுக்கலாம். மற்றவற்றுக்கு ஒரு தடவை, ஒரு சிட்டிகை போதும். அதிகமானால் மறுபடி மறுபடி முட்டையிடத் தூண்டிவிடும். கால்சியத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேளுங்கள். கணவாய் மீனின் உள் ஓடுதான் அது. இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்துக் கூண்டில் கட்டிவிட்டால் வேண்டும்போது சுரண்டிக்கொள்ளும். அந்தக் கால்சியம் உடம்பில் ஒட்ட இளவெயில் வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் பலன் இல்லை. காலையில் கொஞ்ச நேரம் பால்கனியில், பாதி நிழல் இருக்கும்படி, பூனையும் காக்கையும் அண்டாமல் நீங்கள் பக்கத்திலேயே இருந்து வையுங்கள்.

இவ்வளவும் செய்து வைத்தால் முதல் நாள் தொடக்கூட மாட்டா. என் இரண்டாவது ஜோடிக்கு ஏழு வாரம் ஆனது. பழகாத பொருளைப் பறவை உணவு என்றே நினைக்காது. பசித்தால் தின்னும் என்று தினையை நிறுத்திவிடாதீர்கள். முப்பது நாற்பது கிராம் எடையுள்ள உடம்பு, ஒன்றிரண்டு நாள் பட்டினியிலேயே செத்துப்போகும். காலையில் முதலில் காய்கறிக் கலவையை வைத்து மேலே கொஞ்சம் தினையைத் தூவுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து வழக்கமான தினைக் கிண்ணத்தை வையுங்கள். கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே கேரட்டை நீங்களும் தின்னுங்கள். கூட்டமாக வாழும் பறவை, இன்னொருவர் தின்பதைப் பார்த்துத்தான் பழகும். சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் முயற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். காய்கறி தின்ன ஆரம்பித்ததும் எச்சம் கொஞ்சம் நீர்த்துப் போகும், அது சாதாரணம்.

இன்னொன்று, தினைக் கிண்ணம் நிறைந்திருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பறவை உள்ளே இருப்பதைத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே போடும். தினமும் கையில் எடுத்து ஊதிப் பாருங்கள், பாதிக்கு மேல் பறந்துவிடும்.

கொடுக்கவே கூடாதவை: அவகாடோ, சாக்லேட், காபி, டீ, வெங்காயம், பூண்டு, ஆப்பிள் விதை, சரியாக வேகாத ராஜ்மா. தயிர்சாதமும் வேண்டாம், பாலின் சர்க்கரையைச் செரிக்கும் தன்மை பறவைக்கு இல்லை, உப்பும் சேர்கிறது. மிக்சர், பிஸ்கட் எதுவும் வேண்டாம். பூஞ்சை பிடித்த வேர்க்கடலையின் நஞ்சு கல்லீரலை அழிக்கும், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் நான் கடலை தருவதில்லை. சமையலறையில் கூண்டு இருந்தால் இன்றே மாற்றுங்கள். நான்ஸ்டிக் தவா அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும்.

ராயப்பேட்டையில் மொட்டை மாடியில் ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகளுக்கு ஊறவைத்த அரிசி போட்டாரே ஒருவர், அரிசி மட்டும் போதாதா என்று என்னிடம் சிலர் கேட்டதுண்டு. அவை சுதந்திரப் பறவைகள். அரிசியைத் தின்றுவிட்டு ஊரெல்லாம் பறந்து பழமும் பூவும் கொட்டையும் தேடிக்கொள்ளும். நம் கூண்டிலிருப்பதற்கு நாம் வைப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. அந்தப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காக்டீலுக்கும் இதே கலவைதான், அளவு மட்டும் இரண்டு மடங்கு. முடிந்தால் நல்ல பெல்லட்டும் (சத்துகள் கலந்து செய்து கடையில் விற்கும் பறவைத் தீவன உருண்டை) கொஞ்சம் பழக்குங்கள், வீட்டுச் சாப்பாட்டில் விட்டுப்போகிற சத்து அதில் கிடைக்கும். நாளைக் காலை எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தொடங்க வேண்டாம். ஒரு கொத்து முருங்கையை மட்டும் கழுவி ஈரத்தோடு மாட்டுங்கள், கடல்நுரை ஒரு துண்டு வாங்கி ஊறப்போடுங்கள். பெட்டை எதுவும் முட்டையிடும் நிலையில் இருந்தால் கடல்நுரையைத் தள்ளிப்போடாதீர்கள்.