தனியே சுழியோடுபவருக்கு எத்தனை சிலிண்டர்?

கேள்வி (கல்குடா): பிரிட்டிஷ் சார்ஜன்ட் கப்பல் சிதைவுக்கு அடிக்கடி தனியாக இறங்குகிறேன். முதுகில் ஒரேயொரு அலுமினியம் 80 (80 கன அடிக் காற்றுக் கொள்ளும் சிலிண்டர்). இணையத்தில் அரை லீற்றர் கைச்சிலிண்டர் விற்கிறார்கள். அதை வாங்கினால் போதுமா, இல்லை இரட்டைச் சிலிண்டருக்கு மாற வேண்டுமா?

பதில்: இரட்டை தேவையில்லை. அரை லீற்றர் போதாது. கணக்கைப் பாருங்கள்: அரை லீற்றர் சிலிண்டரை 200 பார் அமுக்கத்துக்கு அடித்தால் 100 லீற்றர் காற்று. சார்ஜன்ட் கிடப்பது 24 மீற்றர் அளவில். அங்கே அமுக்கம் 3.4 பார். பதறியவர் நிமிடத்துக்கு 30 லீற்றர் இழுத்தால், அந்த ஆழத்தில் அது 102 லீற்றர். ஒரு நிமிடத்துக்குள் சிலிண்டர் காலி, நீங்களோ இன்னும் அடியில்.

உங்களுக்கு உண்மையில் வேண்டியது இவ்வளவு: நிதானத்துக்கு வர ஒரு நிமிடம், 102 லீற்றர். நிமிடத்துக்கு 9 மீற்றர் வேகத்தில் ஏற ஏறக்குறைய 180. ஐந்து மீற்றரில் மூன்று நிமிடப் பாதுகாப்புத் தரிப்பு, 135. மொத்தம் 420 லீற்றருக்குள் வரும். மூன்று லீற்றர் போனி சிலிண்டர் (தனி ரெகுலேட்டரோடு கொண்டுபோகும் சிறிய அவசரச் சிலிண்டர்) 200 பாரில் 600 லீற்றர் தரும். அதுதான் சரியான அளவு. அதே போனியோடு 40 மீற்றருக்குப் போனால் இதே கணக்கு 680ஐத் தொடும், அப்போது பற்றாது. 1942 ஏப்ரல் 9இல் சார்ஜன்ட்டோடு ஒரே நாளில் மூழ்கிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் 53 மீற்றர் அளவில் கிடக்கிறது. அது போனியோடு தனியே போகிற இடமே இல்லை.

போனியைப் பெரிய சிலிண்டரோடு சேர்த்து முதுகில் கட்டாதீர்கள். இடது பக்கம், மார்பு வளையத்திலும் இடுப்பு வளையத்திலும் கொளுவித் தொங்கவிடுங்கள். வால்வும் அமுக்கமானியும் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும். அதன் ரெகுலேட்டரின் (மூச்சிழுக்கும் கருவி) வாய்ப்பகுதி வேறு நிறத்தில் இருக்கட்டும். காரணம் இருக்கிறது: தண்ணீரில் குதிக்கும் அவசரத்தில் போனி ரெகுலேட்டரை வாயில் வைத்து, அதையே இழுத்து முடித்துவிடுவது பலமுறை நடக்கிற பிழை. போனியின் மானியைப் படகில் ஒருமுறை, கீழே போய்ச் சேர்ந்ததும் ஒருமுறை பாருங்கள்.

இன்னொன்று. நிறைந்த அலுமினியம் 80இல் இருக்கும் காற்றின் எடையே 2.7 கிலோ வரை. அது போனதும் சிலிண்டர் மிதக்கத் தொடங்கும். இடுப்பில் கட்டும் ஈய எடையை 50 பார் மிச்சமிருக்கும்போது, ஐந்து மீற்றரில் நின்று அளவெடுங்கள். நிறைந்த சிலிண்டரோடு அளவெடுத்தவர்தான் தரிப்பில் நிற்க முடியாமல் மேலே கிளம்புவார்.

சிதைவின் உள்ளறைக்குள் தலை நுழைத்தால் இந்தப் பதில் செல்லாது. கூரை வந்துவிட்டால் குகையின் விதி. அதற்கு அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி (கல்லடி): மெக்சிக்கோவின் யுகற்றானில் குகைச் சுழியோடல் பயிற்சிக்குப் போகப்போகிறேன். முதுகில் இரட்டையா, சைட்மவுன்ட்டா (சிலிண்டர்களை இரு பக்கமும் தொங்கவிடும் முறை)? ஊருக்குத் திரும்பியும் அதே உபகரணத்தைப் பயன்படுத்த எண்ணம்.

பதில்: ஊரையும் சேர்த்துக் கேட்டதால் சைட்மவுன்ட். உருக்கு இரட்டை, முதுகுத் தகடும் இணைப்புக்குழாயும் சேர்ந்தால் 40 கிலோவுக்குக் கிட்ட வரும். நம் பைபர் படகின் விளிம்புக்கு மேலால் அதைத் தூக்கி ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். சைட்மவுன்ட் என்றால் தண்ணீரில் மிதந்தபடி சிலிண்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே கொடுக்கலாம்.

முதுகு இரட்டையில் இரண்டு பிழைகள் அடிக்கடி வரும். இரண்டு சிலிண்டரையும் இணைக்கும் நடு வால்வு மூடிக்கிடப்பது ஒன்று: மானி இடப்பக்கத்தில், நீங்கள் இழுப்பது வலப்பக்கத்தில், முள் அசையாமலே நிற்கும், காற்று முடியும். மற்றது, கூரையில் உரசி இடப்பக்க வால்வு மெல்ல மூடிக்கொள்வது. அங்கிருப்பது மாற்று ரெகுலேட்டர் என்பதால், அது தேவைப்படும் நொடியில்தான் தெரியவரும். சைட்மவுன்ட்டில் இரண்டு வால்வும் அக்குளுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரிய இருக்கும்.

அதற்கு விலை, ஒழுங்காக மாறி மாறி இழுக்கும் பழக்கம். மூன்றில் ஒரு பங்கு விதியை (போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, அவசரத்துக்கு ஒரு பங்கு) 200 பாரில் இப்படிச் செய்யுங்கள்: இடது 200இலிருந்து 170 வரை. மாறி வலது 200இலிருந்து 140 வரை. மறுபடி இடது 170இலிருந்து 140 வரை. இரண்டும் 140இல் வந்ததும் திரும்ப வேண்டும். அந்த இடத்தில் ஒன்று முழுதாகப் போனாலும் மற்றதில் 140 இருக்கும்; போன வழியே திரும்ப 120 வேண்டும். மாறாமல் இடதையே 80 வரை இழுத்தவருக்கு வலது போய்விட்டால் 120 தேவைப்படும் இடத்தில் கையில் 80தான்.

தனியே என்றால் 20 பார் மிச்சம் எங்கள் கண்ணுக்குக் குறைவு. 150இல் திரும்புங்கள். அப்போது திரும்ப வேண்டியது 100, கையில் 150. பதறி இழுக்கும் மூச்சுக்கு அந்த 50 வேண்டும். பயிற்சி முடித்த கையோடு குகைக்குள் தனியே போவதை நாங்கள் சொல்லமாட்டோம், எத்தனை சிலிண்டர் இருந்தாலும்.

அலுமினியம் சிலிண்டரில் காற்று பாதிக்குக் கீழே போனதும் அதன் அடிப்பகுதி மிதந்து வால் தூக்கும். இடுப்பில் நகரும் வளையம் வைத்து, கீழ்க் கொளுக்கியை முன்னுக்கு நகர்த்துங்கள். ரெகுலேட்டர் டின் வகையாக (வால்வுக்குள் திருகிப் பூட்டுவது) இருக்கட்டும். யோக் வகை (வால்வைச் சுற்றிக் கவ்வுவது) பாறையில் அடிபட்டால் றப்பர் வளையம் பிதுங்கும்.

கேள்வி (அக்கரைப்பற்று): கடலட்டை எடுத்தவர் ஒருவரிடம் பழைய அலுமினியம் சிலிண்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

பதில்: தோளில் பொறித்த உற்பத்தித் திகதியைப் பாருங்கள். 6351 என்ற கலப்புலோகத்தில் செய்த பழையவை கழுத்துப் புரியில் வெடிப்பு விடும். 1990க்கு முந்தியதென்றால் விட்டுவிடுவது நல்லது. ஐந்து வருடத்துக்கொருமுறை நீரமுக்கச் சோதனை, வருடத்துக்கொருமுறை உட்பார்வை. இவற்றின் முத்திரை இல்லையென்றால் சோதனைச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள், அந்த மலிவு பறந்துவிடும். அசைத்தால் உள்ளே தண்ணீரோ தூளோ சத்தம் போட்டால் கையைக் கழுவுங்கள்: முழுக்கக் காலியாக்கிய சிலிண்டருக்குள் உப்புத்தண்ணீர் போயிருக்கிறது. வாங்கிய பிறகும் 30 பாராவது மிச்சம் வைத்தே மேலே வாருங்கள்.

காற்றடிக்கும் கொம்பிரசரின் உறிஞ்சுகுழாய் அதன் எஞ்சின் புகைக்கு அருகில் இருந்தால் அங்கே அடிக்கவே வேண்டாம். காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை.