மழையில்லாமலே சொட்டும் கூரை: மலைநாட்டு வீடுகள் பற்றிக் கேள்வி பதில்

இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் கட்டட வேலை பார்க்கிறவன் நான். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்.

தலவாக்கலை: அண்ணே, மழை இல்லாத நாளிலும் விடியற்காலையில் தகரத்திலிருந்து சொட்டுகிறது. ஆணி ஓட்டைகளுக்கெல்லாம் தார் வைத்தாச்சு, நிற்கவில்லை.

தார் வீண் செலவு தம்பி, அது உங்கள் வீட்டுத் தண்ணீர்தான். நாலு பேர் விடும் மூச்சு, சோற்றுப் பானை ஆவி, அடுப்புக்கு மேலே காயப்போட்ட துணி எல்லாம் சூட்டோடு மேலே போகிறது. வானம் தெளிந்த இரவில் தகரம் வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துவிடும், அதில் பட்டதும் தண்ணீராகிவிடும். 20 பாகை செல்சியஸில் ஒரு கன மீற்றர் காற்று சுமார் 17 கிராம் ஆவியைத் தாங்கும், 10 பாகையில் 9 கிராம்தான். மிச்சம் உங்கள் தலையில். சோறு வேகும்போது அடுப்படி ஜன்னலைத் திறந்து, காம்பராவுக்கு (படுக்கும் அறைக்கு) போகும் கதவைச் சாத்துங்கள், இதற்குக் காசே தேவையில்லை. அப்புறம் சீலிங். பலகைக்குப் பலகை இடுக்கு விட்டு அடித்தால் அடிக்காத மாதிரிதான், ஈரக்காற்று அந்த வழியாகவே ஏறும். இடுக்கை அடைத்து, சீலிங்குக்கு மேலே இரண்டு பக்கமும் வெளிக்காற்று ஓட வழி விடுங்கள்.

நானுஓயா: சீலிங் மேல் கண்ணாடிப் பஞ்சு போட்டால் போதாதா?

கம்பளி போர்த்தியிருந்தாலும் மலையில் காற்றடித்தால் குளிர் உள்ளே ஏறும்தானே? பஞ்சும் அப்படித்தான், சூட்டைப் பிடிக்கும், காற்றை மறிக்காது. இடுக்கை அடைத்த பிறகு போடுங்கள்.

மஸ்கெலியா: பின்சுவரில் இரண்டு அடிக்குப் பெயின்ட் உரிகிறது. ஈரம் புகாத பெயின்ட் பூசலாமா?

வேண்டாம் அக்கா. நானே ஒரு பழைய கருங்கல் சுவருக்கு அப்படிப் பூசிக் கொடுத்து, அடுத்த ஜூன் மழையில் ஈரம் இன்னும் மேலே ஏறி, நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டேன். உள்ளே வந்த ஈரம் காய வழியில்லாமல் போனால் மேலேதான் ஏறும். பின்னால் மண்மேடு சுவரோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மண்ணை வெட்டி விலக்கி, வீட்டுத் தரையைவிடத் தாழ்வாகக் கான் (வடிகால்) எடுங்கள். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு சுண்ணாம்பு போதும்.

நுவரெலியா: இடுக்கெல்லாம் கடதாசி ஒட்டி அடைத்து, கரிச்சட்டி வைத்துத் தூங்குகிறோம். அப்பவும் சுவரில் பூஞ்சணம்.

பூஞ்சணத்தை விடுங்கள், முதலில் சட்டியை வெளியே எடுங்கள்! கரிப்புகையில் இருக்கும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆள் போய்விடும். இன்றைக்கு இரவே இன்னொரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள், பூஞ்சணத்தைப் பிறகு பார்ப்போம்.