வேர்வையைத் தவிர

அன்புள்ள ஐயா,

செல்லூர்ப் பக்கம் இரண்டாவது மாடியில் நானும் அப்பாவும் வாடகைக்குக் குடியிருக்கிறோம். வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு மேலே வேறு தளம் கிடையாது. பகலெல்லாம் காய்ந்த கூரை, நள்ளிரவு தாண்டியும் அனலை இறக்கிக்கொண்டே இருக்கிறது. தூக்கம் வராத அந்த நேரத்தில் வீடியோ கேம் ஆடுகிறேன். சுடுவதும் துரத்துவதுமான ஆட்டங்கள் படபடப்பை இன்னும் கூட்டுகின்றன. மனதை ஆற்றுகிற, கோடை இரவுக்குப் பொருத்தமான ஆட்டங்கள் சிலவற்றைச் சொல்ல முடியுமா? பனி பெய்யும் ஆட்டங்களை ஆடினால் உடம்பும் குளிரும் என்கிறான் நண்பன். உண்மையா? முப்பது வயதில் இதெல்லாம் தேவையா என்று அப்பா திட்டுகிறார். கல்லூரியில் படித்தபோது நானே ஒரு சிறிய விளையாட்டைச் செய்யத் தொடங்கிப் பாதியில் விட்டவன். வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் ஊர்க் கோடையை எவ்வளவு அழகாகக் காட்டுகிறார்கள்! நம் ஊர்க் கோடையில் என்ன இருக்கிறது, வேர்வையைத் தவிர?

ம., மதுரை

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. சில வருடங்களாகவே மனதில் கிடந்து அரிக்கும் விஷயம் அது. அதற்கு வருகிறேன். கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

முப்பது வயதில் விளையாடலாமா என்பதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை. கோயில் மண்டபத் தரைகளில் ஆடுபுலிக் கட்டங்களைச் செதுக்கி வைத்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளா? விட்டுத்தள்ளுங்கள். பனி விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வது பாதிதான் சரி. 2015இல் வந்த 'ஆல்டோஸ் அட்வென்ச்சர்' என்ற பனிச்சறுக்கு ஆட்டம் அருமையானது. கண்ணுக்கும் காதுக்கும் இதம். உடம்பை மட்டும் அதனால் ஏமாற்ற முடியாது. எந்த ஆட்டம் என்பதைவிட எதில் ஆடுகிறீர்கள் என்று பாருங்கள். கேமுக்கென்று வாங்கும் பெரிய மடிக்கணினி 150 வாட் மின்சாரம் இழுத்தால், அந்த 150 வாட்டும் கடைசியில் உங்கள் அறையில் வெப்பமாகத்தான் இறங்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரின் உடம்பு வெளியிடுவதே ஏறத்தாழ 100 வாட். அந்தச் சிறிய அறையில் இன்னும் ஒன்றரை ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு புழுங்குகிறது என்கிறீர்கள். கையடக்கமான கருவியிலோ கைபேசியிலோ ஆடுங்கள். கைபேசியை சார்ஜில் போட்டுக்கொண்டே ஆட வேண்டாம்.

ஆட்டங்கள் என்றால், 2019இல் வந்த 'எ ஷார்ட் ஹைக்'. ஒரு சின்னப் பறவை கைபேசிக்கு சிக்னல் தேடி மலை ஏறுகிறது. அவ்வளவுதான் கதை, வழியில் எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம், ஓரிரு இரவில் முடிந்துவிடும். 'டவுன்ஸ்கேப்பர்' இன்னும் எளிது. கடல்மேல் விரலால் தொட்ட இடத்தில் வீடு முளைக்கும். வெற்றி தோல்வி இரண்டும் அதில் இல்லை. 'ஸ்டார்டியூ வேலி' உங்களுக்கே தெரிந்திருக்கும். வயலும் மாடுமாக நல்ல ஆட்டம். ஆனால் கணினியில் ஆடினால், ஆட்டத்துக்குள் உங்கள் பாத்திரம் படுக்கைக்குப் போனால்தான் அன்றைய கணக்கு பதிவாகும். நடுவில் மின்சாரம் போனால் அன்றைக்கு நீர் ஊற்றியதெல்லாம் வீண். நம் ஊரில் மே மாதத்தில் அதை ஆடுகிறவர்கள் கைபேசியில் ஆடுவதே நல்லது. அதில் நாளின் நடுவிலும் சேமிக்கலாம்.

இலவசம் என்று சொல்லிக்கொண்டு வரும் ஆட்டங்களை இன்றே அழித்துவிடுங்கள். ஐந்து உயிர் தருவான், தீர்ந்ததும் அரை மணி காத்திரு என்பான், இல்லையென்றால் காசு கட்டு என்பான், நீங்கள் கண்ணயரும் நேரத்தில் 'உயிர் நிரம்பிவிட்டது' என்று மணி அடிப்பான். தூக்கமில்லாதவனிடம் நடத்தும் வியாபாரம் அது.

இனி அந்த வரி.

'அனிமல் கிராஸிங்' என்று நிண்டெண்டோவின் ஆட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு தீவில் குடியேறி வாழும் அதன் 'நியூ ஹொரைசன்ஸ்' பதிப்பு 2020 மார்ச்சில், ஊரே அடங்கிக் கிடந்தபோது வந்தது. உங்கள் கடிகாரத்தில் மணி என்னவோ அதுதான் அந்தத் தீவிலும் மணி. இரவு இரண்டு மணிக்குத் திறந்தால் அங்கும் இரண்டு மணி. மணிக்கொரு இசை மாறும். தூங்காதவர்களுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அக்னி நட்சத்திரத்தில், நம் தார்ச்சாலை கால் செருப்பைப் பிடித்து இழுக்கும் நாளில், அந்தத் தீவைத் திறந்து பாருங்கள். அங்கே வசந்தம் நடக்கிறது. ஏப்ரல் தொடக்கத்தில் செர்ரி மரங்கள் பூத்துக் கொட்டுகின்றன. அங்கே சிள்வண்டு கத்திக் கோடை உச்சிக்கு வரும் ஜூலை, ஆகஸ்டில் நமக்கு ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருக்கும். பூமியின் வடபாதியா தென்பாதியா என்று ஆட்டம் கேட்கிறது. இரண்டு விடையிலும் மதுரைக்கு இடமில்லை. சித்திரை வைகாசியில் எரியும் ஒரு கோடை உலகத்தில் உண்டு என்பதே அந்த ஆட்டத்துக்குத் தெரியாது.

அதற்காக அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்கள் தங்கள் கோடையைப் பார்த்தார்கள், செய்தார்கள். 'நம் ஊர்க் கோடையில் வேர்வையைத் தவிர என்ன இருக்கிறது' என்று எழுதுகிறீர்களே, உங்களைத்தான் குற்றம் சொல்வேன். அந்த வரியைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம்தான். செல்லூரில் குடியிருந்துகொண்டு, வைகைக்கு எட்டும் தூரத்தில் தூங்கி எழுந்துகொண்டு, எப்படி ஐயா இதை எழுத மனம் வந்தது?

ஜப்பானில் 2000இல் 'போகு நோ நட்சுயாசுமி' என்று ஒரு ஆட்டம் வந்தது. காஸ் அயாபே என்பவர் உருவாக்கியது. 1975ஆம் வருட ஆகஸ்ட் மாதம். அம்மாவுக்குப் பிரசவ நேரம் என்பதால் ஒன்பது வயதுப் பையனைக் கிராமத்தில் உறவினர் வீட்டில் கொண்டு விடுகிறார்கள். ஆகஸ்ட் 1 முதல் 31 வரை அவன் அங்கே இருக்கிறான். பூச்சி பிடிக்கிறான், மீன் பிடிக்கிறான், இரவானால் அன்றைக்கு நடந்ததைப் படமாக நாட்குறிப்பில் வரைகிறான். மாதம் முடிந்தால் ஆட்டமும் முடிந்தது. அயாபே அதில் ஏதாவது அதிசயத்தைக் கண்டுபிடித்தாரா? வண்டும், ஓடையும், மாலையில் சாப்பிடக் கூப்பிடும் குரலும்தான். பிற்பாடு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த சின்சானை வைத்தும் அதே வகையில் ஒரு கோடை விடுமுறை ஆட்டத்தைச் செய்தார். அவருக்கு வண்டு போதுமானதாக இருந்தது. நமக்கு என்ன குறை?

நான் ஆரப்பாளையத்தில் ஒரு வளவில் வளர்ந்தவன். ஒரே வாசலுக்குள் பல குடித்தனங்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு மொட்டைமாடி, தட்டோடு பதித்தது. கோடையில் சாயங்காலம் ஐந்து ஐந்தரைக்கு அத்தை முதல் வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறுவார். அந்த வாளித் தண்ணீர் தரையில் பட்டதும் உஸ்ஸென்று ஆவியாகும். அப்போது ஒருவரும் மேலே நிற்கக் கூடாது, முகத்தில் அடிக்கும். இரண்டாவது வாளியைக் கொஞ்சம் பொறுத்துத்தான் ஊற்ற வேண்டும். முழுவதும் ஊற்றவும் முடியாது, குழாயில் தண்ணீர் வருவதே ஒருநாள் விட்டு ஒருநாள். எந்த இடத்தில் ஊற்றினால் எத்தனை பேர் படுக்கலாம் என்று அத்தை கணக்குப் போட்டு ஊற்றுவார். கைப்பிடிச் சுவர் ஓரம் காற்று வரும் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் அங்கே பாய் விரிப்பார்கள். பகல் வெயிலைச் சுவர் வாங்கி வைத்திருக்கும். பாதி ராத்திரிவரை முதுகில் விட்டுக்கொண்டே இருக்கும். மறுநாள் அவர்களும் நடுமாடிக்கு வந்துவிடுவார்கள்.

பாயை எப்போது விரிப்பது என்பதில்தான் சூட்சுமம். சீக்கிரம் விரித்தால் தரையின் ஈரத்தையும் சூட்டையும் பாய் பிடித்துக்கொள்ளும். நேரம் கடத்தினால் நல்ல இடம் போய்விடும். அப்பத்தாவுக்கு மட்டும் படிக்கட்டுப் பக்கம் நிரந்தர இடம். நள்ளிரவில் மண்பானைத் தண்ணீர் குடிக்க இறங்குவார். பிள்ளைகள் நடுவில், ஆண்கள் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி. விடிவதற்கு முன்னால் எங்கிருந்தோ ஒரு குளிர் வரும். அந்நேரம் ஒரு போர்வைக்கு மூன்று பேர் இழுபறி. இரண்டு கோடைக்கு ஒருமுறையாவது நடுராத்திரியில் இடி இறங்கி மழை கொட்டும். பாய், தலையணை, கைக்குழந்தை, டிரான்சிஸ்டர், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு மொத்த வளவும் அந்தக் குறுகலான படியில் ஒரே நேரத்தில் இறங்கப் பார்க்கும். யாருக்கும் கோபம் வராது. அவ்வளவு சிரிப்பை நான் வேறு எங்கும் கேட்டதில்லை.

ம., நீங்கள் மென்பொருள் எழுதுகிறவர். இப்போது சொன்னதை உங்கள் கண்ணால் பாருங்கள். மாடியைக் கட்டங்களாகப் பிரித்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வெப்ப எண். தண்ணீர் பட்டால் அது இறங்கும், ஆவியாகும்போது இன்னும் இறங்கும், சுவரை ஒட்டிய கட்டம் மெதுவாக இறங்கும். கையில் இருப்பது சில வாளித் தண்ணீர். படுக்க வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம், ஒரு முனகல், ஒரு கதை. இது ஆட்டம் இல்லையா? துரத்தல் இல்லை, சுடுதல் இல்லை, நடுவில் எழுந்து போனாலும் ஒன்றும் கெட்டுவிடாது. நீங்கள் என்னிடம் கேட்ட ஆட்டத்தின் இலக்கணமே இதுதான்!

இது ஒரு மாடியின் கதை. சித்திரைத் திருவிழாவில் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து வந்த சனம் வைகை மணலில் துண்டை விரித்துப் படுத்துக் கிடக்கும் இரவுகளை எங்கே வைப்பது? தெருவுக்குத் தெரு பானகமும் நீர்மோரும் ஊற்றுகிறார்கள். ஆற்றில் இறங்கிய அழகருக்கு வெயில் சுடும் என்று ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பி அவர்மேல் பீய்ச்சுகிறார்கள். ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம் நடக்கிறது. அரைத்தூக்கத்தில் பிள்ளைகளைத் தோளில் தூக்கி 'பார், மச்சாவதாரம்' என்று காட்டுகிறார்கள். கோடையின் உச்சியில் சாமியையே குளிர்விக்க ஒரு ஊர் திரண்டு வருகிறது. உங்களுக்கு வேர்வைதான் தெரிகிறது.

நம்மை வைத்துச் செய்தால் யார் ஆடுவார்கள் என்று கேட்காதீர்கள். 2023இல் 'வெண்பா' என்ற ஆட்டம் வந்தது. கனடாவில் ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவிடமிருந்து வந்த கிழிந்த சமையல் குறிப்பு, இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்ற புதிர். டொராண்டோவில் ஒரு சிறிய குழு செய்தது. இட்லித் தட்டு தெரியாதவர்களும் கண் கலங்க ஆடினார்கள். 2024இல் அறிமுக விளையாட்டுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதும் கிடைத்தது. புலம்பெயர்ந்த பிள்ளைகள் ஒரு சமையலறையிலிருந்து இவ்வளவு எடுத்திருக்கிறார்கள். ஊரிலேயே இருக்கிற நீங்கள் ஒன்றும் இல்லை என்கிறீர்கள்.

ஆள்பலம் இல்லை என்றும் சொல்லாதீர்கள். 'ஸ்டார்டியூ வேலி'யை எரிக் பரோன் தனி ஒருவராக நாலு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து செய்தார். நிரல், படம், இசை எல்லாமே அவர் கை. விளையாட்டுகளைச் செய்ய உதவும் கோடாட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. சாதாரணக் கணினியிலேயே ஓடும். பாதியில் விட்டேன் என்று ஒரு வாக்கியத்தில் கடந்துபோகிறீர்கள். ஏன் விட்டீர்கள் என்று எழுதவில்லை. வேலை, அப்பா, வீட்டு வாடகை, தூக்கமின்மை என்று காரணங்கள் இருந்திருக்கும். அவற்றை நான் லேசாக எண்ணவில்லை. பகலில் பிறருக்காக நிரல் எழுதிக் களைத்தவனிடம் இரவிலும் எழுது என்பது கொடுமை என்றும் தெரியும். ஆனால் நீங்கள் எப்படியும் விழித்துத்தான் இருக்கிறீர்கள். அந்த நேரத்தில் அரை மணி மட்டும் கேட்கிறேன்.

திட்டுகிறார் என்று எழுதினீர்களே, அந்த அப்பாவிடமிருந்து தொடங்குங்கள். அவர் சிறுவனாக இருந்தபோது கோடையில் எங்கே படுத்தார், பக்கத்தில் யார் படுத்தார்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது, மழை வந்தால் முதலில் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று கேளுங்கள். குறித்துக்கொள்ளுங்கள். கேட்கிற பிள்ளையைத் திட்டுகிற தகப்பன் எனக்குத் தெரிந்து இல்லை. வீட்டுக்காரரிடம் சாவி கேட்டு வாங்கி, இருவரும் மாடியிலேயே படுத்துக்கொண்டும் பேசலாம். அறையைவிட அங்கே தூக்கமும் வரும். சுவரோரம் வேண்டாம்.

ஆடி பிறப்பதற்குள் ஒரு மாடி, ஒரு வாளி, ஒரு பாய், இவை மட்டும் வேலை செய்யும்படி ஒன்றைச் செய்து எனக்கு அனுப்புங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. கட்டங்கள் வெறும் நிறமாக இருந்தால் போதும். முதல் வாளி விழும்போது வரும் உஸ் சத்தம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது பழைய ஆண்ட்ராய்டு கைபேசி. அதில் ஓடும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.