கல்லீரல் கேள்வி-பதில்: குவார்ட்டர் கணக்கும், குழம்பில் கலக்கும் மாத்திரையும்

பிராந்தியை விட்டுவிட்டு இரண்டு பீரோடு நிறுத்திக்கொள்கிறேன். ஈரலுக்கு நல்லதுதானே? (ஈரோடு)

இல்லை. கிராம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 180 மில்லி குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால். 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்றால், 40 கிராம். இரண்டு பீரில் குவார்ட்டரைத் தாண்டிவிட்டீர்கள். ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். மோர், எலுமிச்சை, கட்டங்காப்பி எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது.

நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால்? (கரூர்)

போதை மெதுவாக ஏறும். கிராம் குறையாது.

ஈரலுக்கான ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. 38, நார்மல். அப்புறமும் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். தேவையா? (தஞ்சாவூர்)

தேவை. ஈரல் செல்கள் இப்போது எவ்வளவு உடைகின்றன என்பதைத்தான் அந்த எண் காட்டும். ஈரல் சுருங்கித் தழும்பாகிவிட்டால் உடைவதற்கே செல்கள் குறைவு. அந்த நிலைதான் சிரோசிஸ், அதிலும் நார்மல் வரலாம். குடியால் கெட்ட ஈரலில் பெரும்பாலும் அதே பரிசோதனையின் இன்னொரு எண்ணான எஸ்.ஜி.ஓ.டி.தான் தூக்கலாக, எஸ்.ஜி.பி.டி.யைப் போல் இரண்டு மடங்கு வரும். பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) 1.5 லட்சத்துக்குக் கீழே, ஆல்புமின் (ஈரல் செய்யும் புரதம்) 3.5-க்குக் கீழே, ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் எண்) ஏறுமுகம்: இவற்றைப் பாருங்கள். ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுப்பதானால் 3 மணி நேரம் வெறும் வயிறு, குடியை நிறுத்தி 2 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரல் வீக்கமே தழும்பு மாதிரி அளவைக் கூட்டிக் காட்டும்.

கணவர் தினமும் குடிக்கிறார். அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்க ஒரு மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். எத்தனை நாள் கொடுக்க வேண்டும்? (பெயர் வேண்டாம்)

ஒரு நாள்கூடக் கொடுக்காதீர்கள், அம்மா. உங்கள் வேதனை புரிகிறது. அந்த வேதனையை வைத்து வியாபாரம் செய்கிறவர்கள் மேல்தான் என் கோபம்.

நீங்கள் பெயர் எழுதியிருக்கும் மாத்திரை டைசல்ஃபிராம். ஆல்கஹால் உடைந்து அசிடால்டிஹைடு ஆகும். அதற்கு மேல் உடையவிடாமல் இந்த மருந்து தடுத்துவிடும். இது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, நெஞ்சுவலி வரும். ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவர் இறந்தே போகலாம். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகு, நோயாளி சம்மதித்து, ஈரல் டெஸ்ட் பார்த்துத்தான் தொடங்குவார்கள். ஈரல் ஏற்கெனவே கெட்டிருந்தால் கூடவே கூடாது, இந்த மருந்தே ஈரலைத் தாக்கும். நிறுத்தின பிறகும் 2 வாரம் வரை வேலை செய்யும். அவருக்குத் தெரியாது என்பதால் வழக்கம்போலக் குடிப்பார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனாலும் டாக்டருக்குக் காரணம் தெரியாது.

'தெரியாமலே கொடுக்கலாம்' என்று விளம்பரம் வருகிற பவுடர்கள் இன்னும் மோசம். உள்ளே என்ன இருக்கிறது என்பது விற்கிறவர் சொன்னால்தான் உண்டு.

அறையில் பூட்டி வைத்து நிறுத்தவும் முயலாதீர்கள். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம், 2 நாளுக்குள் வலிப்பு, 2 முதல் 4 நாளுக்குள் பிதற்றலும் மனக்குழப்பமும் வரலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதானால் அதற்கு முன்னால் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் முதலில் அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் பேசுங்கள்.

வருஷம் தவறாமல் மாலை போட்டு 48 நாள் தொடுவதில்லை. ஈரல் சரியாகிவிடும் அல்லவா? (திண்டுக்கல்)

கொழுப்பு மட்டும் படிந்திருந்தால் அந்த 48 நாளில் பெரும்பகுதி வடியும். மாலை கழற்றியதும் ஆரம்பித்தால் திரும்பப் படியும். தழும்பு 48 நாளில் போகாது. மறுபடி சொல்கிறேன்: காலையில் கை நடுங்குகிறவர் மாலை போடுவதற்கு முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மறுநாள் தலைவலிக்கு பாரசிட்டமால் போடலாமா? (ஆவடி)

தினமும் குடிப்பவர் ஒரு நாளில் 2 கிராமைத் தாண்டக்கூடாது, அதாவது 500 மில்லி கிராம் மாத்திரை நாலு. சரியாகச் சாப்பிடாதவர் அதற்கும் கீழே. டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை இரைப்பையிலிருந்து ரத்தம் கசிய வைக்கும்.

அப்பாவுக்கு சிரோசிஸ், வயிற்றில் நீர். பத்தியமாகக் கஞ்சி மட்டும் கொடுக்கிறோம். (விருதுநகர்)

நிறுத்துங்கள். கஞ்சிப் பத்தியத்தில் தசை கரைந்துவிடும். 60 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 75 முதல் 90 கிராம் புரதம் வேண்டும்: முட்டை, பருப்பு, பால், மீன். ராத்திரி படுக்கும் முன் ஏதாவது ஒரு சிற்றுண்டி. இரவெல்லாம் வெறும் வயிற்றோடு விடாதீர்கள். உப்பு நாள் முழுக்க ஒரு டீஸ்பூன், சமையலில் போடுவதையும் சேர்த்து. ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம்.

ரிப்போர்ட் போட்டோ அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லவும். (ஊர் இல்லை)

வயது இல்லை, எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று இல்லை, ரிப்போர்ட்டில் தேதிப் பகுதியே வெட்டுப்பட்டிருக்கிறது. இப்படி அனுப்பினால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் கடைசி வரியில் 'ரெண்டு நாளா மலம் தார் மாதிரி கறுப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். உணவுக்குழாயில் வீங்கிய ரத்தக்குழாய் கசிந்தாலும், இரைப்பையில் புண் இருந்தாலும் இப்படித்தான் போகும். இதைப் படித்ததும், ராத்திரியானாலும், எண்டோஸ்கோப்பி வசதி உள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குத் துணைக்கு ஆளோடு போங்கள்.