டண்டீ போன்ற சிறு நகரம் வீடியோ கேம் மையமாக மாறியது எப்படி?

அரசின் வரிச்சலுகைதான் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரிட்டனில் கேம்களுக்கு வரிச்சலுகை நடைமுறைக்கு வந்ததே 2014இல்தான். ஸ்காட்லாந்தின் டண்டீ அதற்கு வெகுகாலம் முன்பே பெயர் வாங்கிவிட்டது.

வங்காளத்துச் சணலை நெய்து வாழ்ந்த ஊர் அது. சணல் தொழில் நலிந்த காலத்தில் கைக்கடிகார நிறுவனமான டைமெக்ஸின் ஆலை பலருக்குச் சோறு போட்டது. 1982இல் வெளிவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினி அங்கேதான் தயாரானது. அந்த ஆலையில் வேலை பார்த்த டேவிட் ஜோன்ஸ், ஆட்குறைப்பில் கிடைத்த பணத்தில் அமிகா கணினி வாங்கினார். கணினி ஆர்வலர்கள் கூடும் கிங்ஸ்வே சங்கத்தில் பழகிய நண்பர்களுடன் சேர்ந்து டிஎம்ஏ டிசைன் என்ற கேம் நிறுவனத்தைத் தொடங்கினார்.

கேம் நிரல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். நடக்கும் மனித உருவத்தை எவ்வளவு சிறிதாக வரைய முடியும் என்று டிஎம்ஏ அலுவலகத்தில் ஒரு பேச்சு. எட்டுக்கு எட்டு பிக்சல் (திரையில் படத்தை உருவாக்கும் புள்ளி) போதும் என்றார் அங்கே வேலை பார்த்த மைக் டெய்லி. மதிய உணவு இடைவேளையில், குட்டி மனிதர்கள் வரிசையாக நடந்துபோய்ச் சாகும் அனிமேஷனைச் செய்தும் காட்டினார். அதைப் பார்த்த சக ஊழியர் ரஸ்ஸல் கே, இதில் ஒரு கேம் இருக்கிறது என்றார். 1991இல் வந்த ‘லெம்மிங்ஸ்’ கேம் பிறந்தது இப்படித்தான். இத்தனை சின்ன கட்டத்துக்குள் நடையும் தலைமுடி அசைவும் தெரிகிறதே என்று இன்றும் வியக்கிறேன்.

1997இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. அதே நிறுவனம் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ கேமை உருவாக்கி முடித்தது, ஜோன்ஸ் படித்த கல்லூரியிலிருந்து வளர்ந்த அபர்டே பல்கலைக்கழகம் கணினி விளையாட்டுக்கென்றே பட்டப்படிப்பைத் தொடங்கியது. இரண்டாவதுதான் ஊரைக் காப்பாற்றியது என்பேன். டிஎம்ஏ பின்னர் எடின்பரோவுக்குப் போய் ராக்ஸ்டார் நார்த் ஆகிவிட்டது. ஜோன்ஸ் டண்டீயில் தொடங்கிய இன்னொரு கேம் நிறுவனமான ரியல்டைம் வேர்ல்ட்ஸ் 2010இல் நொடித்துப்போனது. வேலை இழந்தவர்களில் பலர் ஊரை விட்டுப் போகாமல் சிறு ஸ்டுடியோக்களைத் தொடங்கினார்கள். புதிய ஆட்களை அபர்டே ஆண்டுதோறும் தந்துகொண்டிருந்தது. 2012இல் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற கேம் கருவிக்கு ‘மைன்கிராஃப்ட்’ கேமைக் கொண்டுவந்த 4ஜே ஸ்டுடியோஸும் டண்டீ நிறுவனம்தான்.