கறுத்த நீலம்தான் உயர்ந்த நீலமா?

கேள்வி: மகளுக்கு நீலக்கல் மோதிரம் வாங்கப் போனோம். காட்டிய இரண்டு கல்லும் இரண்டு காரட். ஒன்று கிட்டத்தட்ட கறுப்பு, மற்றது பளிச்சென்ற நீலம். கறுப்பாக இருப்பதுதான் முதல் தரம், விலையும் அதற்குத்தான் அதிகம் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: நம்பாதீர்கள். நிறம் ஓரளவு அடர்த்தியாக இருப்பது நல்லதுதான், ஆனால் அளவு மீறினால் உள்ளே போன வெளிச்சம் திரும்பி வராமல் கல் மைத்துளி மாதிரி கிடக்கும், அதற்கு மதிப்பு குறைவு. நீலக்கல்லுக்கு நிறம் தருவது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்துதான். இரும்பு அதிகமான ஆஸ்திரேலியக் கற்கள் பல கறுத்துப் போவதும், இரும்பு குறைந்த இலங்கை இரத்தினபுரிக் கற்கள் வெளிச்சமாக இருப்பதும் அதனால்தான்.

கடையின் ஸ்பாட் லைட்டில் எந்தக் கல்லும் ஜொலிக்கும். வாசலுக்கு எடுத்துப்போய் நிழலில் பாருங்கள், அங்கேயும் நீலம் உயிரோடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அப்புறம் கல்லை ஒரு செய்தித்தாள் வரிமேல் வையுங்கள். நடுவழியாக எழுத்தைப் படிக்க முடிந்தால் அடிப்பாகத்தை ஆழமில்லாமல் வெட்டியிருக்கிறார்கள், வெளிச்சம் அப்படியே கீழே ஓடிவிடுகிறது. பக்கவாட்டிலும் திருப்பிப் பாருங்கள். இலங்கைக் கற்கள் சிலவற்றில் நீலம் அடிமுனையில் ஒரு பொட்டாகத்தான் இருக்கும், மற்ற இடமெல்லாம் வெள்ளை, ஆனாலும் மேலிருந்து பார்த்தால் முழுக் கல்லும் நீலமாகத் தெரியும். அது மோசடி இல்லை, பட்டை தீட்டுபவரின் திறமை. ஆனால் அடிவயிறு தடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத எடைக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறீர்கள்.

சூடேற்றிய கல்லா என்று கட்டாயம் கேளுங்கள். சந்தையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அப்படித்தான். பால் படிந்த மாதிரி இருக்கும் இலங்கை 'கெவுடா' கற்களை 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் மலிவாக வாங்கி, 1,500 டிகிரிக்கு மேல் சூடேற்றி நீலமாக்கி விற்றார்கள். அந்த நிறம் நிலையானது, வாங்கலாம், ஆனால் சூடு படாத கல்லின் விலையைக் கொடுக்கக் கூடாது. கோபால்ட் கலந்த கண்ணாடியை விரிசல்களில் நிரப்பிய கல்லின் கதையே வேறு. பத்தர் ஆசிட்டில் போட்டால் கெட்டுவிடும், அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆய்வகச் சான்றிதழ் இல்லாமல் பெரிய தொகை கொடுக்க வேண்டாம்.

கேள்வி: அண்ணன் தான்சானியாவிலிருந்து வாங்கி வந்த கல், பகலில் நீலம், ராத்திரி குண்டு பல்பில் ஊதா. போலியா? (வாசகர், மதுரை)

பதில்: நிறம் மாறுவதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. டான்சனைட் அப்படித்தான் மாறும். 1967-இல் வெளியே தெரியவந்த அந்தக் கல், அருஷாவுக்குப் பக்கத்தில் மெரெலானி மலையில்தான் வெட்டப்படுகிறது. தோண்டும்போது பெரும்பாலும் பழுப்பாக இருக்கும், மிதமான சூட்டில் நீல ஊதாவாகும். அதைத் திருப்பிப் பார்க்கும்போது ஒரு பக்கம் நீலமும் இன்னொரு பக்கம் ஊதாவும் தெரியும். ஒரு பக்கத்தில் தண்ணீர் மாதிரி வெளுத்துவிட்டால் அது அயோலைட் என்ற வேறொரு நீல ஊதாக் கல்லாக இருக்கலாம், அது நம் காங்கேயம், கரூர் பக்கத்திலேயே கிடைக்கிறது, விலையும் குறைவு. டான்சனைட்டை தினமும் போடும் மோதிரத்தில் பதிக்காதீர்கள். நீலக்கல்லின் கடினத்தன்மை பத்துக்கு 9, இதற்கு 7கூட எட்டாது. தோடு, பென்டென்ட் சரி.

கேள்வி: அமெதிஸ்ட் மாலை வெளுத்துக்கொண்டே வருகிறதே? (வாசகி, சேலம்)

பதில்: வெயில்தான் காரணமாக இருக்கும். சில அமெதிஸ்ட் கற்கள் நாள்பட்ட வெயிலில் நிறம் இழக்கும், ஜன்னலோரம் தொங்கவிடாமல் பெட்டியில் வையுங்கள். கொக்கியைப் பற்றவைக்கக் கொடுத்தால் கல்லைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள், நல்ல சூடு பட்டால் ஊதா போய் மஞ்சளாகிவிடும்.